பின்னால் வரும் துணை

நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. தண்ணீர், வாழைப்பழம், மாற்று ட்யூப், களைத்தால் படுக்க இடம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு சப்போர்ட் வண்டி வந்தால், அந்தத் தூரத்தை மிதித்தவர் கணக்கில் முழுதாக எழுதலாமா என்பதே அது. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நேரக்கெடு வைத்து ஓட்டும் பிரெவே ஓட்டங்களில் குறித்த சோதனை இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியின் உதவியைத் தொடக்கூடாது. அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் போகும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா போட்டியிலோ நிலைமை நேர்மாறு. அங்கே இரவில் சப்போர்ட் வண்டி பின்னால் வராவிட்டால் ஓட்டவே விடமாட்டார்கள். 2017இல் அதைத் தனியாளாக முடித்த முதல் இந்தியரான ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத்துக்கும் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். இந்த வழக்கின் உச்சம் 1913 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் நடந்தது. பிரனீஸ் மலை இறக்கத்தில் யூஜின் கிறிஸ்டோபின் சைக்கிள் ஃபோர்க் முறிந்துபோக, அவர் அதைத் தோளில் சுமந்து கீழே உள்ள ஊருக்கு நடந்து, கொல்லன் பட்டறை ஒன்றில் தன் கையாலேயே அடித்துச் சேர்த்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நடுவர்கள், துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். இரண்டு கையால் சம்மட்டியும் பிடித்துத் துருத்தியும் ஊதுவது எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை.

உதவி இல்லாமல் ஓட்டுவதுதான் ஓட்டம் என்ற இந்த எண்ணம் பந்தயக்காரர்களோடு நிற்பதில்லை. சைக்கிளைப் பற்றி நாம் எழுதும் வரலாறுகளிலும் அது புகுந்திருக்கிறது. பெட்ரோல் வேண்டாம், டிரைவர் வேண்டாம், டிக்கெட் வேண்டாம், ஒருவர் தன் காலை நம்பி எங்கும் போகலாம் என்று சைக்கிளைத் தற்சார்பின் வாகனமாகவே புகழ்கிறோம். அறந்தாங்கியையும் அதைச் சுற்றியுள்ள புதுக்கோட்டைச் சீமையையும் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே சைக்கிள் ஒருவரைத் தூரம் கொண்டுபோனது, சாலை நெடுகத் துணை கிடைத்தபோதுதான். அந்தத் துணை மறுக்கப்பட்டவர்களுக்கு, வீட்டுத் திண்ணையிலேயே சைக்கிள் நின்றிருந்தும் அது பயன்படவில்லை. துணை ஒரே மூச்சில் வந்து சேர்ந்தபோது, குறுகிய காலத்தில் ஒரு லட்சம் பேர் ஏறி ஓட்டினார்கள்.

அறந்தாங்கி வட்டம் முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது அதோடு சேர்ந்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. வடக்கும் கிழக்கும் வயல், தெற்கே வானம் பார்த்த பூமி, அப்பால் கடல். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாக மீன்பிடி ஊர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ரயில் பாதை அறந்தாங்கியோடு நின்றுபோனது. காரைக்குடியைத் தொட 1952 வரை காத்திருந்தது. கடற்கரைக்கோ ரயில் கிளை போகவேயில்லை. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் வழியாக மீமிசலுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் இல்லாத தரை. சைக்கிளுக்கென்றே அளந்து போட்டதுபோன்ற தூரம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வெயிலையும் எதிர்க்காற்றையும் அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்தத் தூரத்தைத் தொழிலாக மிதித்தவர்கள் மீன் வியாபாரிகள். விடியுமுன் கரையில் ஏலம் எடுத்து, கேரியரில் கட்டிய கூடையிலோ அலுமினியப் பெட்டியிலோ மீனை அடுக்கி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே உள்ளூர்களுக்குப் போகும் ஆண்கள் தமிழகக் கடற்கரை முழுவதும் இருந்தார்கள், இன்றும் மொபெட்டில் இருக்கிறார்கள். மீன் கெடுவதற்குள் விற்க வேண்டும் என்பதால் இவர்களுடையது நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம்தான், பதக்கம் மட்டும் கிடையாது. இவர்களுக்குப் பின்னால் கார் எதுவும் வரவில்லை. ஆனால் தனியாகப் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. பாதையெங்கும் சைக்கிள் கடைகள் இருந்தன. சந்தைக்குச் சந்தை, பேருந்து நிற்கும் முச்சந்திக்கு முச்சந்தி, புளியமரத்தடியில் ஒரு காற்றடிக்கும் பம்பும் ஒரு பேசின் தண்ணீரும் இருந்தால் அது கடை. டயரை நெம்பி ட்யூபை உருவி, காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றி அமுக்கிக் குமிழி கிளம்பும் இடத்தை விரலால் பிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொலுஷன் தடவி, ஊதிக் காயவைத்து, வெட்டிய பழைய ட்யூப் துண்டை ஒட்டிச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டும் வேலைக்குக் கால் மணி நேரம் ஆகும். காசு இல்லாவிட்டால் திரும்பி வரும்போது கொடுக்கலாம். வாடகைக்கு சைக்கிள் விட்டதும் அதே கடைதான். மட்கார்டில் எண் எழுதி, நோட்டில் நேரம் குறித்து, மணிக்கணக்கில் வாடகை. சிறுவர்கள் அங்கேதான் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடப் பழகினார்கள். இப்படி ஊர் முழுக்கப் பரவிக் கிடந்த சப்போர்ட் வண்டியின் மேல்தான் ஆண்கள் நெடுந்தூரம் போனார்கள். தெரிந்த முகம், கடன் சொல்லும் உரிமை, இரவானால் திண்ணையில் படுக்க இடம் எல்லாம் அதில் சேர்த்தி. எவரும் அதை உதவி என்று எண்ணாததால் அது வரலாற்றில் ஏறவில்லை.

உதவியைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்திக் காட்டிய ஒரு வழக்கமும் நம்மிடம் இருந்தது. 1970களிலும் 80களிலும் தமிழகக் கிராமப் பொட்டல்களில் நடந்த நிற்காத சைக்கிள் ஓட்டம் அது. ஒருவர் மூன்று நாளோ ஐந்து நாளோ ஏழு நாளோ கால் தரையில் படாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். சைக்கிள் மேலேயே சோறு, சைக்கிள் மேலேயே குளியல். நடுவில் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டி, மைக் பிடிக்கும் கூட்டாளி ஊரைக் கூட்டுவார். பாட்டு ஓடும், ரெக்கார்டு டான்ஸ் நடக்கும், ட்யூப்லைட்டை உடம்பில் உடைத்துக்கொள்ளும் சாகசங்கள் இடையில் வரும். ஓட்டுபவர் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்திவிடுவார்கள். எங்கேயும் போகாத நெடும்பயணம்! ஆனால் அதைப் பார்த்த கூட்டம், ஓடிக்கொண்டே தண்ணீர் கொடுத்தவரையும் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுத்தவரையும் காரணம் காட்டி ஓட்டியவர் சாதனையைக் குறைத்து மதிக்கவில்லை. அவர்களும் சேர்ந்ததுதான் குழு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பிரெஞ்சு நடுவர்களுக்குத் தெரியாமல் போனது பொட்டலில் கூடியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பது வேடிக்கைதான்.

இத்தனையிலும் பெண்கள் எங்கே? கரையில் மீன் எடுத்த பெண்கள் கூடையைத் தலையில் வைத்து நடந்தார்கள், அல்லது பேருந்துக்குக் காத்திருந்தார்கள். வாடை அடிக்கிறது என்று ஏற்ற மறுப்பது நடத்துநருக்கு எளிது. இது பழங்கதை அல்ல. 2021 டிசம்பரில்கூட குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதை முதலமைச்சரே கண்டித்தார். ஒரே கரை, ஒரே மீன், ஒரே சாலை. சைக்கிள் வைத்திருந்த ஆண் பத்து ஊர் பார்த்துத் திரும்புவதற்குள், கூடை சுமந்தவர் இரண்டு ஊர் பார்த்தால் அதிகம். வறுமைதான் காரணம் என்பார்கள். சைக்கிளே இல்லாத வீட்டுக்கு அது சரியான விடை. வீட்டில் சைக்கிள் இருந்தும் அந்த வீட்டுப் பெண் அதில் ஏறாததற்கு அது விடையாகாது. சைக்கிள் அரிய பொருளாகவும் இல்லை. அறந்தாங்கிக்கு அதிகத் தொலைவில் இல்லாத பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பம் 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிசையும் பிஎஸ்ஏவையும் தமிழகத் தெருக்களில் நிறைத்திருந்தது. பெண் ஏறக்கூடாது என்று சட்டமும் இல்லை. இல்லாதது, விழுந்தால் சிரிக்காமல் தூக்கிவிட ஒரு கூட்டம், பழகும்போது கேரியரைப் பிடித்துப் பின்னால் ஓடிவர ஒருவர், பஞ்சர் ஆனால் கூச்சமில்லாமல் நிற்கக்கூடிய ஒரு கடை வாசல். ஆண்பிள்ளைக்கு இவை கேட்காமலே கிடைத்தன.

பெண்களுக்கு இவை எழுத்தறிவு இயக்கத்தின் வழியாக வந்தன. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் கூடவே நின்றார்கள். வகுப்புகள் சாயங்காலத்துக்குப் பிறகு நடந்தன. கற்றுக்கொடுத்த தொண்டர்களிலும் கற்றுக்கொண்டவர்களிலும் பெரும்பகுதி பெண்கள். ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அவர்களுக்கு அண்ணனோ கணவனோ கொண்டுவிட வேண்டியிருந்தது. கரும்பலகைக்கு முன்னால் வந்த முட்டுக்கட்டை போக்குவரத்துதான் என்று கண்டுகொண்டதுதான் அங்கே நடந்த புத்திசாலித்தனம். சைக்கிள் பழகுவதையே எழுத்தறிவுப் பாடத்தின் ஒரு பகுதியாக்கினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னாளில் போய்ப் பார்த்து எழுதியதன்படி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்களில் அது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 70,000 பேர் போட்டிகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் ஓட்டிக் காட்டினார்கள். 1992 மார்ச் 8 அன்று, மகளிர் நாளில், 1,500க்கும் மேற்பட்டவர்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் நுழைந்தார்கள். சாய்நாத்தின் அந்தக் கட்டுரை 1996இல் நூலில் வந்தது. பிறகு அது இந்திக்குப் போய் எட்டாம் வகுப்பு என்சிஇஆர்டி பாடமானது. வடக்கே பல லட்சம் பிள்ளைகளுக்குப் புதுக்கோட்டை என்ற பெயர் அறிமுகமானது அப்படித்தான்.

எண்ணிக்கையைவிட அது நடந்த முறைதான் கவனிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகப் பழகினார்கள். தனியாக ஒருத்தி விழுந்தால் வேடிக்கை, நூறு பேர் விழுந்து எழுந்தால் அது பயிற்சி. நேற்றுப் பழகியவர் இன்று இன்னொருத்திக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே பாதியில் கையை எடுத்துவிடும் பழைய தந்திரம் அப்போதுதான் பெண் கையிலிருந்து பெண் கைக்கு மாறியது. தங்கையைச் சைக்கிள் பழகச் சொல்லி முத்துபாஸ்கரன் எழுதிய பாட்டு ஊர் ஊராகப் போனது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் வழிசெய்தார். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! கூலிப்பெண்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள், செவிலியர் என்று பலரும் இதில் இருந்தார்கள். இஸ்லாமிய இளம்பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். தெருவில் கெட்ட பேச்சுகள் வராமலில்லை. ஆனால் பேச்சைத் தாங்கியவர் தனியாக இல்லை, அவருக்குப் பின்னால் இயக்கம் இருந்தது, மாவட்ட நிர்வாகம் இருந்தது, பக்கத்துத் தெருக்காரி இருந்தாள். சாலையோரக் கடைகள் ஆண்களுக்கு ஐம்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கொடுத்ததை அறிவொளி இவர்களுக்குக் குறுகிய காலத்தில் கொடுத்தது.

இதை ஒப்பாதவர்கள் முதலில் சொல்வது, இது மேலிருந்து நடத்திய அரசாங்க விழா, ஆட்சியர் மாறியதும் அடங்கிவிட்டது என்பது. விழாத்தன்மை இருந்தது உண்மை. பேரணியும் பரிசும் இல்லாமல் அது நடந்திருக்காது. பிரச்சாரத்தின் சூடு பிறகு தணிந்ததும் உண்மை. எழுத்தைப் பொறுத்தவரை, தொடர் வாசிப்பு இல்லாவிட்டால் புதிதாகக் கற்றவர் மறப்பார் என்ற கவலையை ஒதுக்க முடியாது. சைக்கிள் விஷயத்தில் அந்தக் கவலை பாதிக்கும் குறைவு. உடம்பு ஒருமுறை கற்ற சமநிலையை எந்த ஆட்சியரின் இடமாற்றமும் பறிக்காது. அதைவிட முக்கியம், சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் பார்க்கப் பழகிய தெரு. அது பழையபடி திரும்பவில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது: அறிவொளி வராவிட்டாலும் மொபெட் வந்திருக்கும், டிவிஎஸ் 50 வந்தது 1980இல், ஸ்கூட்டி 1990களில், பெண்கள் எப்படியும் வண்டி ஏறியிருப்பார்கள் என்பது. ஆனால் டிவிஎஸ் 50 ஓடத் தொடங்கிய அந்தப் பத்தாண்டிலும் அறந்தாங்கிப் பக்கத்துக் கூலிப்பெண் எதிலும் ஏறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி சந்தைக்கு வந்தவுடன் எல்லாரும் ஏறிவிடுவதில்லை. ஏறியது முதலில் ஆண். விலை கொடுக்கத் துணியும் வீடு, ஏறத் துணியும் பெண், இரண்டும் சேர வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டிக்கு முன்னமே தெருவைப் பழக்கி வைத்தது சைக்கிள்தான் என்று கொள்வதே புதுக்கோட்டையின் காலவரிசைக்குப் பொருந்துகிறது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் தத்துவமானது. உதவியால் வந்த சுதந்திரம் சுதந்திரமா, ஒருவர் பிடித்துவிட்டால்தான் ஓட்டுவேன் என்பது வேறொரு சார்பு இல்லையா என்று கேட்கலாம். 1913இல் துருத்தி ஊதிய சிறுவனைக் கணக்கில் பிடித்தவர்களின் கேள்வியும் இதுவே. இதற்கு விடை, உதவி எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது. அண்ணன் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுவிடுவதும் உதவிதான், அதில் போகும் நேரமும் பாதையும் அண்ணனுடையவை. கேரியரைப் பிடித்துப் பின்னால் ஓடிவருபவரோ, ஓட்டுபவர் எங்கே திருப்பினாலும் அங்கே ஓட வேண்டும். சப்போர்ட் டிரைவரின் வேலையும் அதுவே: முன்னால் போவோரின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. ஹேண்டில்பார் யார் கையில் என்பதே அளவுகோல். அதன்படி 1992இல் புதுக்கோட்டைக்குள் நுழைந்த 1,500 பேருக்கு எத்தனை பேர் துணை நின்றிருந்தாலும் ஓட்டம் அவர்களுடையதே. டூர் டி பிரான்ஸும் பிற்பாடு இதை ஒப்புக்கொண்டுவிட்டது. இன்று அணிக்கு அணி கார் பின்னால் வருகிறது, சைக்கிளே மாற்றிக் கொடுக்கிறார்கள், வென்றவர் பெயர் மாறுவதில்லை.

இதன் தொடர்ச்சியை அரசுத் திட்டங்களில் தேட வேண்டும். 2001க்குப் பிறகு தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவிகளில் ஒரு பகுதியினருக்கும், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு படிக்கும் அனைவருக்கும் விலையில்லா சைக்கிள் கொடுத்தது. பீகார் 2006இல் மாணவிகளுக்கு இதைச் செய்தது. அங்கே நடந்ததைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது, பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி என்று கண்டார்கள். இலவசம் என்றால் முகம் சுளிப்பவர்கள், அந்தப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கலாமே என்பார்கள். ஆய்வாளர்கள் அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வகுப்பில் எல்லா மாணவியர் கையிலும் ஒரே சமயம் சைக்கிள் வந்ததால் அவர்கள் கூட்டமாகப் பள்ளிக்குப் போனார்கள், அதனால் வழியில் பயமும் ஊரின் முணுமுணுப்பும் குறைந்திருக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கம். தனித்தனியாகப் பணம் போயிருந்தால் இந்தக் கூட்டம் சேர்ந்திருக்காது. அறந்தாங்கிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் சைக்கிள் வழங்கும்போது எண்ணிக்கையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகளும் இங்கிருந்தே வருகின்றன: ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததா, பள்ளிக்குப் போகும் சாலையில் பஞ்சர் ஒட்ட ஒரு கடையாவது மிச்சம் இருக்கிறதா, ஓட்டத் தெரியாத பெண்ணுக்குப் பின்னால் ஓடிவர அந்தப் பள்ளியில் யாருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பவை.